அந்த அறையில் மூன்று பேர்

தாங்கராங்
11 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

அன்புத் தங்கச்சி ரெத்னோவுக்கு,

அக்கா பார்த்தினாவின் ஸலாம். ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையாவது லீவு விட வேண்டும். இன்றைக்கும் நாலு மணி வரை ஓவர்டைம்.

நீ அனுப்பிய தைலம் வந்தது. ஊரிலிருந்தும் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி. என் மகள் ஏகா நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் அப்பா மலேசியாவிலிருந்து இந்த வருஷமும் ஒரு வரி எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் 'ஏழாவது லைன்' சிரிப்பு நாடகம் பார்த்தோம். விடுதிக்காரம்மா வீட்டுக் கூடத்தில் முப்பத்துநாலு பேர், ஒரு டிவி. சூப்பர்வைசர் கார்யோ பூங்கொத்தைச் செருப்புப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு யாந்தியின் மெஷின் பக்கத்தில் வந்து நிற்கிறான். "யாந்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறான். சங்கு ஊதிவிடுகிறது. இரண்டு வருஷமாக ஊதுகிறது. என் லைனில் வேலை பார்க்கும் ருமினி செருப்பைக் கழற்றி டிவி மேல் எறிந்தாள். "இந்த ஆளு வாயத் தொறக்குறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்" என்றாள். கடைசியில் எழுத்து: ஆர். குசுமா என்று ஓடும்போது நான் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொள்கிறேன். அது நீதான் என்று இங்கே ஒருத்திக்கும் தெரியாது. கார்யோவின் நடை எங்கள் சூப்பர்வைசரின் நடை என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். விடுதிக்காரம்மா சிரிப்பதில்லை. அவள் புருஷன் சுகிமான் எங்கள் செருப்பு ஃபாக்டரியின் செக்யூரிட்டி தலைவன், பழைய பட்டாளத்துக்காரன். அவனும் கதவோரமாக நின்று பார்க்கிறான்.

இனி உனக்கு மட்டும் சொல்வது. வியாழக்கிழமை எனக்கு மாதவிலக்கில் இரண்டாம் நாள். நிற்க முடியவில்லை. சட்டத்தில் இதற்கு இரண்டு நாள் லீவு இருக்கிறது என்று போட்டிருந்த தாளை நீதானே கொடுத்தாய். கேட்டேன். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடவில்லை. மருத்துவ அறைக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு திரை. உள்ளே நர்ஸும் நானும். வெளியே பர்சனல் ஆபீசர் ஹார்யாதி பதிவு நோட்டோடு நிற்கிறான். கழற்றிக் காட்டச் சொன்னாள் நர்ஸ். "நல்லாப் பாரு, உதட்டுச் சாயத்தத் தடவிக்கிட்டு வர்றாளுங்க" என்று அவன் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறான். நர்ஸ் பார்த்தாள். நிஜந்தான் என்றாள். எனக்கு என்ன ஆனதோ, லைன் கடைசியில் செருப்பைச் சோதிக்கிறவரிடம் கேட்பதுபோல் உள்ளிருந்து கேட்டேன்: "செக்கிங் முடிஞ்சுதா சார்? பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிறலாமா?"

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் நோட்டில் எழுதினான். அரை நாள் கொடுத்தான்.

சாயங்காலம் ருமினிக்கும் என் பாயில் படுக்கிற மற்ற இருவருக்கும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன், ரெத்னோ. அது அவர்களுக்குத் தெரியாது.

உன் அக்கா,
பார்த்தினா


ஜகார்த்தா
16 ஆகஸ்ட் 1996

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் நின்று படித்தேன். அந்த ஹார்யாதிக்கு ஒரு தங்கச்சி இருக்க மாட்டாளா, ஒரு மகள் இருக்க மாட்டாளா என்றெல்லாம் கேட்க மாட்டேன். இருப்பாள். வீட்டில் அவளை ராணி மாதிரி வைத்திருப்பான். அவனுக்கு நீ மகள் இல்லை, மெஷின். மெஷின் நின்றால் திறந்து பார்க்கிறான். சுதந்திர தினத்துக்கு இங்கே தெருவெல்லாம் கொடி கட்டுகிறார்கள். எனக்கு அந்தத் திரைதான் கண்ணில் நிற்கிறது.

கோபித்துக்கொள்ளாமல் படி. நாடகத்தை நிறுத்தப் போகிறார்கள். அழுகைத் தொடர்கள் எங்கள் ஜனங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன. தயாரிப்பாளர் ஹெந்தார் என்னைக் கூப்பிட்டு ஆறு வாரம் கொடுத்தார். "கார்யோவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சு மூடிருவோமா?" என்றார். நான் வேறு ஒன்று சொன்னேன். யாந்தி லீவு கேட்கிறாள். சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவன் கார்யோ. அவன் போடவில்லை. மருத்துவ அறைக்கு அனுப்புகிறான். அதோடு காதல் முடிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நாடே தூக்கி வெச்சுக் கொஞ்சுற ஆளக் கோழையாக்கச் சொல்றியா?"

"சூப்பர்வைசர் அப்படித்தான் சார் இருப்பான். நல்லவனா இருந்தாலும் அப்படித்தான்."

"நீ எந்த ஃபாக்டரியில வேல பாத்த?"

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, ஜூலையில் எதிர்க்கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கிய கலவரத்துக்குப் பிறகு எல்லாரும் தொலைபேசி அடித்தாலே நடுங்குகிற நேரத்தில் இது தேவையா என்று புலம்பினார். பிறகு சரி என்றார். எப்படியும் நிறுத்தப் போகிற நாடகம். அதனால்தான் அந்தத் தைரியம்.

அக்கா, நீ சரி சொன்னால்தான் எழுதுவேன். ஊர் மாற்றுவேன், பெயர் மாற்றுவேன், வயது மாற்றுவேன். இதுவரை இந்த நாட்டில் யாரும் டிவியில் சொல்லாத ஒன்று. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் வாய் அடைத்துப்போக வேண்டும். ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான், வந்து காலைப் பிடித்துக் கேட்டிருப்பேன். உனக்கு ஞாயிறு ஓவர்டைம், எனக்கு ஞாயிறு படப்பிடிப்பு.

உன் சின்னவள்,
ரெத்னோ


தாங்கராங்
23 ஆகஸ்ட் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். எழுதிக் கிழித்தேன்.

பன்னிரண்டாம் லைனில் ஒருவன் சாப்பாட்டில் புழு என்று சத்தம் போட்டான். அவனை சுகிமான் ஜீப்பில் ஏற்றிப் பட்டாள முகாமுக்குக் கூட்டிப்போனான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். இப்போது இடது காது கேட்பதில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ருசியாக இருக்கிறது என்கிறான். புழுவுக்கே அப்படி. இதற்கு என்ன செய்வார்களோ.

ஆனால் நேற்று அந்த அறைக்குப் பதினெட்டு வயசுப் பெண் ஒருத்தி போனாள். தோல் வெட்டும் பிரிவு, ஊர் விட்டு வந்து இரண்டு மாதம். திரும்பி வந்தவள் மெஷினில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டதற்கு, "இனிமே கேக்க மாட்டேன்க்கா" என்றாள். என்னிடம் எதற்குச் சொல்கிறாள்? நான்தான் அவளை அனுப்பியது போல.

அதனால் எழுது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போடாததை எழுது. யாந்தி அழுவதை எழுது, அழாததை எழுது, உன் இஷ்டம். நான் சொன்ன அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். ஸ்டிக்கர் என்ற பேச்சே வேண்டாம். அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நர்ஸ் சொல்ல மாட்டாள், என் பாயில் படுக்கிறவர்கள் மூச்சு விட மாட்டார்கள், ஹார்யாதி தனக்கு நேர்ந்த அவமானத்தை வெளியே சொல்ல மாட்டான். மிச்சம் யார்?

வேலை போனால் போகட்டும் என்று நீ நினைப்பாய். இங்கே ஒருத்தியை வெளியே தள்ளினால் அவள் படத்தை மற்ற ஃபாக்டரி கேட்டுகளிலும் ஒட்டுகிறார்கள். அப்புறம் ஏகா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள்?

எனக்கு நீ வாக்குக் கொடு. எழுதிக் கொடு.

பார்த்தினா


ஜகார்த்தா
12 செப்டம்பர் 1996

அன்பு அக்காவுக்கு,

தப்பை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் மழுப்பிவிடுவேன்.

எங்கள் நாடகத்தில் வசனம் முழுக்க எழுதுவது கிடையாது. காட்சி இன்னது, யார் வருகிறார்கள், எப்படி முடிகிறது என்று ஒரு பக்கம் கொடுப்போம். மிச்சத்தை நடிகர்களே பார்வையாளர்களுக்கு முன்னால் பேசிக்கொள்வார்கள். கார்யோவாக நடிக்கும் பெரியவர் கோசிம் தெருக்கூத்திலிருந்து வந்தவர். எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பேச வராது. அப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினோம். நான் எழுதிய தாளில் ஸ்டிக்கர் இல்லை. சத்தியமாக இல்லை.

யாந்தியாக நடிக்கிற நோவி நல்ல பெண். பணக்கார வீடு. ஒத்திகையில் அந்தக் காட்சி வந்தாலே கெக்கெக்கே என்று சிரித்தாள். "இப்படியெல்லாம் நெஜமா பண்ணுவாங்களா? சும்மா எழுதுனதுதானே?" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். தெரிந்த ஒருத்தி எழுதியது என்று சொல்லிவிட்டு வாசித்தேன். முழுவதும் வாசித்தேன். அவள் சிரிப்பு நின்றது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. எதிரே இருநூறு பேர். திரை, நர்ஸ், வெளியே கார்யோ. நோவி தாளில் இருந்ததைப் பேசினாள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். நான் மேடை ஓரத்தில் நிற்கிறேன். அவள் வாயிலிருந்து உன் வார்த்தை வந்தது. ஒரு எழுத்து மாறாமல்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிறகு ஒரு பக்கமிருந்து சிரிப்பு அணைந்துகொண்டே வந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம். கோசிம் ஐயா பதில் பேச வேண்டும். நாற்பது வருஷம் மேடையில் நின்றவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே நின்றார். அப்படியே விளக்கை அணைத்தார்கள்.

அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று ஹெந்தாரிடம் கேட்டேன். "அத வெட்டச் சொல்றதுக்கா உனக்கு ஆறு வாரம் குடுத்தேன்?" என்றார். இருபத்துநாலாம் தேதி ஒளிபரப்பு. நான் மறுபடி பேசுகிறேன்.

ரெத்னோ


தாங்கராங்
15 செப்டம்பர் 1996

ரெத்னோ,

வெட்டு. நோவியிடம் சொல், அந்தப் பெரியவரிடம் சொல், யார் காலிலாவது விழு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றுதான். நீ வாக்குக் கொடு என்று கேட்டிருந்தேன். நீ எழுதித் தரவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

இன்று கேட்டைத் தாண்டும்போது சுகிமான் "என்ன பார்த்தினா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டான். தினமும் எல்லாரையும் கேட்பதுதான். இன்று அவன் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

பார்த்தினா


ஜகார்த்தா
26 செப்டம்பர் 1996

அன்பு அக்காவுக்கு,

நேற்று முழுவதும் உன்னிடமிருந்து ஏதாவது வரும் என்று பார்த்தேன். இன்று காலையும் வரவில்லை. நன்றாக இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

செவ்வாய்க்கிழமை நாடகம் முடிந்ததும் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. மேடானிலிருந்து, சுரபாயாவிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ பெண்கள். ஒருத்தி அழுதுவிட்டு வைத்துவிட்டாள். இன்னொருத்தி எங்கள் தேயிலைக் கம்பெனியிலும் இப்படித்தான் என்றாள். நாடகத்தை நிறுத்தும் பேச்சு போய்விட்டது. ஹெந்தார் என் தோளைத் தட்டினார். மத்தியானம் உளவுத்துறை ஆட்கள் மாதிரி சஃபாரிச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், நாடகம் பிரமாதம் என்றார்கள். எழுதுகிறவர்களின் விலாசம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஆர். குசுமா என்ற பெயரையும் இந்த அலுவலக விலாசத்தையும் கொடுத்தாராம். அவர்கள் போன பிறகு அவர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். நான் இரண்டு நாளாக வீட்டுக்கு வேறு வேறு பஸ்ஸில் போகிறேன்.

இன்னொன்று. உன் கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. ஆறு நாள் இருந்தது. படத்தை வெட்டி ஒட்டுகிற அறைக்குப் போனேன். அங்கே இருப்பவன் என் சிநேகிதன், ஹெந்தாருக்குத் தெரியாமல் செய்து தருகிறேன் என்றான். ஓட்டிக் காட்டினான். நாலு நொடி, அக்கா. வெறும் நாலு நொடி. மறுபடி ஓட்டச் சொன்னேன். அதை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் இன்னொரு அழுகைத் தொடர். அது இருந்தால்தான் அந்தப் பெண்கள் தொலைபேசி செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்தது. "வெட்டணுமா வேண்டாமா?" என்று அவன் கேட்டான்.

வேண்டாம் என்று சொன்னேன். ஹெந்தார் அல்ல. நோவி அல்ல. நான்.

உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று எழுதுகிறேன். உன் வார்த்தைக்கு நாடே எழுந்து நின்றது என்பதும் பொய் இல்லை.

ரெத்னோ


தாங்கராங்
6 அக்டோபர் 1996

ரெத்னோ,

இதைத் தபாலில் போடவில்லை. ருமினியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டுப் படி.

ஒளிபரப்பான அன்று கூடத்தில் வழக்கம்போல் நாங்கள் எல்லாரும் இருந்தோம். சுகிமான் கதவோரத்தில். யாந்தி திரைக்குப் பின்னால் போனதும் என் பாயில் படுக்கிற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ருமினிக்கு அடக்க முடியவில்லை. யாந்தி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. கூடமே சிரித்தது. நான் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விடுதிக்காரம்மா டிவியைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ருமினியைக் கூப்பிட்டார்கள். தெரியாத பேச்சுக்கு முன்கூட்டி எப்படிச் சிரித்தாய் என்று இரண்டு மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும் நடிகை என்று சொன்னாளாம். அவள் நிரந்தரம் இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பவள். வெள்ளிக்கிழமை படம் எடுத்துக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நான் என் மெஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. வெட்ட வேண்டாம் என்று நீயே சொன்னதாக எழுதியிருந்தாய். அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கவில்லை. இதுவரை நீ எழுதிய எல்லாவற்றையும் துவைக்கிற தொட்டியில் ஊறப்போட்டுக் கரைத்தேன். எரித்தால் புகை வரும். முதல் தேதியிலிருந்து சுகிமான் எங்கள் தபாலைப் பிரித்துப் படிக்கிறான். ஒரு நாள்தான் தப்பியது.

முதல் தேதியன்றே என்னை ஹார்யாதி கூப்பிட்டான். மேசை மேல் கேட்டில் வைத்திருக்கும் தபால் நோட்டு இருந்தது. நான் சொன்னதை நான்தான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாதா. விடுதியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன், நூடுல்ஸ் வண்டிக்காரன் வரைக்கும் தெரியும் என்றேன். அவன் நோட்டைத் திருப்பினான்.

"ஜகார்த்தாவுல யாரு?"

"தங்கச்சி சார். கப்பல் கம்பெனியில டைப் அடிக்கிறா."

"நாடகம் பாப்பாளா?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்த சரியில்ல சார்."

"பேச்சுவார்த்த இல்லாதவ மாசம் ரெண்டு கடுதாசி போடுறாளா?"

"திட்டித்தான் சார் எழுதுவா."

"அப்படியா? அடுத்தது வரட்டும். நானும் படிக்கிறேன், எப்படித் திட்டுறான்னு."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே அந்த ஜீப் நின்றது.

அதனால் எனக்குத் தபாலில் ஒரு கடிதம் எழுது. உன் கையெழுத்தில் வேண்டாம், டைப் அடி. என்னைத் திட்டு. அவன் நம்பும்படி திட்டு. நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, தெரியாது என்று சொல்வதுகூடக் கூடாது. சிரிப்பு வருகிற மாதிரி ஒரு வரியும் வேண்டாம். தபாலைப் பிரிக்கிற சுகிமான் ஒரு வாரம்கூட விடாமல் உன் நாடகத்தைப் பார்த்தவன். உன்னைத் தெரியாவிட்டாலும் உன் சிரிப்பு அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ எழுதாதே. நானும் எழுத மாட்டேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே.

நாடு எழுந்து நின்றது என்று எழுதியிருந்தாய். இங்கே என்ன மாறியது தெரியுமா? மருத்துவ அறைக்குப் புதுத் திரை போட்டார்கள். தடித்த துணி, பேசினால் வெளியே கேட்காது. எங்கள் லைனில்தான் தைக்கக் கொடுத்தார்கள். ஒரு ஓரம் நான் தைத்தேன்.

ருமினிக்கு இன்றைக்குத்தான் நீ யார் என்று சொன்னேன். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, அன்னைக்கு எனக்கு வந்தது அசல் சிரிப்பு, டிவிக்காரங்க கை காட்டி வரவழைக்குற சிரிப்பு இல்ல" என்றாள். அவளுக்கு வேலை பார்த்துக் கொடு. தைப்பாள், சமைப்பாள். அவளை நாடகத்தில் போடாதே.

பார்த்தினா


ஜகார்த்தா
10 அக்டோபர் 1996

பார்த்தினாவுக்கு,

போன மாதம் நீ எழுதியது கிடைத்தது. இப்படி அடிக்கடி எழுத வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் உனக்கு உறைப்பதில்லை. அலுவலகத்தில் என் மேசைக்குத் தபால் வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு கடிதத்திலும் கால் வலி, இடுப்பு வலி, ஓவர்டைம். உனக்கு மட்டும்தான் வேலை இருக்கிறதா? காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நானும் ஆறு மணி வரை எழுந்திருப்பதில்லை. நான் யாரிடமும் புலம்பவில்லை. ஆறாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு அவ்வளவு பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். அதை விட்டால் உன்னை யார் சேர்ப்பார்கள்? மேலதிகாரிகள் சொல்வதைக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு வேலை செய்யக் கற்றுக்கொள். சின்ன வயசிலிருந்தே உன் வாய்தான் உனக்கு எதிரி. உன் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதற்கும் அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பெருநாளைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. நீ போவதானால் போ. ஏகாவின் படிப்பை இனி அம்மா மூலமாக நானே பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணாவது உன்னைப் போல் ஆகாமல் இருக்கட்டும். அதற்காக நீ எனக்கு நன்றி சொல்லி எழுத வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். போன வருஷம் நீ முன்னறிவிப்பு இல்லாமல் பஸ் ஏறி என் அலுவலக வாசலில் வந்து நின்றாய். உடுப்பெல்லாம் பசை நாற்றம். உன்னை நான் அடுத்த தெருக் கடைக்குக் கூட்டிப்போய் மீன் குழம்போடு சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு அம்மாவுக்கெல்லாம் எழுதினாய். உன்னை அங்கே கூட்டிப்போனது அலுவலகத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று இங்கே இன்று வரை ஒருவருக்கும் தெரியாது.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

ரெத்னோ வுலன்தாரி